பாட்டைத் திருடாதே, பாதுகாத்து வை!

தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே இருக்கிறது கடையம். மேற்கே மலை. மலையடியில் வயல். வயலை ஒட்டி ஊர். மகாகவி பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் இதுதான்.

1918-ம் ஆண்டு நவம்பர் மாதம் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார். வெள்ளைக்காரப் போலீஸ் அவரைப் பிடித்தது. கடலூர்ச் சிறையில் அடைத்தது. டிசம்பர் மாதம் விடுதலை ஆனார். அதற்குப் பிறகு அவர் வந்து சேர்ந்த ஊர் கடையம். 1920-ம் ஆண்டில் சென்னைக்குப் போகும் வரை, ஏறக்குறைய 2 ஆண்டுகள் அவர் இங்கே வாழ்ந்தார்.

பாட்டை எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கும் கவிஞர் அல்ல பாரதியார். வாய்விட்டுப் பாடுவார். இந்தப் பாட்டுக்கு இன்ன ராகம், இன்ன தாளம் என்று தாமே குறித்தும் வைத்தார். அவர் பாடக் கேட்டவர்கள், அந்தக் குரலின் கம்பீரத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குரல் எங்கே?

இல்லை! அவருடைய படம் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. குரல் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

"அந்தக் காலத்தில் குரலைப் பிடிக்கும் கருவி ஏது?" என்று கேட்பீர்கள். கருவி இருந்தது! 1877-ம் ஆண்டிலேயே எடிசன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். 1902-ம் ஆண்டில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கப்பலில் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார்கள். கௌஹர் ஜான் என்ற பாடகியின் பாட்டை இசைத்தட்டில் பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டுப் பாடகர்களின் குரலும் இசைத்தட்டில் ஏறியது.

பாரதியார் இறந்தது 1921-ம் ஆண்டில். கௌஹர் ஜானுக்குப் பிறகு 19 ஆண்டுகள்! கருவியும் இருந்தது, பாட்டும் இருந்தது. அந்தக் கருவியைக் கவிஞர் முன்னால் கொண்டு போய் வைக்க ஓர் ஆள் இல்லை.

இந்த நஷ்டத்தை இனி யாராலும் ஈடு கட்ட முடியாது.

இன்று அப்படி இல்லை. குரலையும் படத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கருவி, வயலுக்குப் போகிறவர் மடியிலும் இருக்கிறது. கோவில் கொடையில் நாதஸ்வரம் தொடங்கியதும், 50 கைகள் செல்போனைத் தூக்குகின்றன.

இது தொண்டா, திருட்டா? இதுதான் இன்றைய கேள்வி.

"கலைஞரைக் கேட்காமல் எடுப்பது திருட்டு" என்கிறார்கள் ஒரு சாரார். "எடுக்காமல் விட்டால் கலையே அழிந்துவிடும்" என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

மேடைக்கு மேலே ஒரு புனல்

முதலில் அமெரிக்காவில் நடந்த ஒரு கதை.

நியூயார்க் நகரத்தில் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கு என்று ஒன்று உண்டு. ஆப்பரா என்றால், பாட்டாலேயே நடத்தும் நாடகம். அந்த அரங்கில் லயோனல் மேப்பில்சன் என்பவர் நூலகராக வேலை பார்த்தார். பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாப்பது அவருடைய வேலை.

அவர் 1900-ம் ஆண்டில் எடிசனின் கருவி ஒன்றை விலைக்கு வாங்கினார். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஒரு பெரிய புனல். புனலின் அடியில் ஓர் ஊசி. ஊசிக்குக் கீழே சுற்றும் மெழுகு உருளை. புனல் வழியாக வரும் சத்தம் ஊசியை ஆட்டும். ஊசி மெழுகில் கோடு கீறும். அந்தக் கோட்டின் மேல் ஊசியை மறுபடி ஓட்டினால், பாட்டுக் கேட்கும். ஓர் உருளையில் ஏறக்குறைய 2 நிமிடப் பாட்டுதான் பிடிக்கும்.

மேப்பில்சன் இந்தக் கருவியை முதலில் மேடையின் முன்புறம், நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர் உட்காரும் குழியில் வைத்தார். பிறகு மேடைக்கு மேலே, உயரத்தில், தொழிலாளர்கள் நடக்கும் பலகைக்குக் கொண்டு போனார். கீழே நாடகம் நடக்கும். மேலே மெழுகு உருளை சுற்றும். 1903-ம் ஆண்டு வரை இப்படிப் பிடித்தார்.

அந்த உருளைகளில் இரைச்சல் அதிகம். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்கும். ஆனாலும் இன்று அவை பொக்கிஷம்! ஜான் டி ரெஸ்கி என்பவர் அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர். அவருடைய குரல் இன்று இந்த உருளைகளில் மட்டும்தான் இருக்கிறது. 2002-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம், நாடு காக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று முதல் பட்டியல் ஒன்று போட்டது. அதில் மேப்பில்சன் உருளைகளும் இடம் பெற்றன.

கம்பெனிக்காரர் லாபம் பார்ப்பார். எது விற்குமோ, அதைத்தான் பிடிப்பார். ரசிகர் அப்படி அல்ல. எது பிடிக்கிறதோ, அதைப் பிடிப்பார். கம்பெனி விட்ட இடத்தை ரசிகர்தான் நிரப்ப வேண்டும்.

டேப் பெட்டி தூக்கியவர்கள்

தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட ரசிகர்கள் இருந்தார்கள்.

பழைய இசைத்தட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 3 நிமிடம், மிஞ்சினால் மூன்றரை நிமிடம் பாடலாம். அவ்வளவுதான். நம் வித்துவான்களுக்கு அது தொண்டையைச் சரி செய்யும் நேரம்! ஒரு ராகத்தையே ஒரு மணி நேரம் விரிக்கிறவர்கள் அவர்கள். கடலைச் செம்பில் மொண்ட கதைதான்.

பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. 1950-களிலும் 1960-களிலும் வசதி உள்ள சில ரசிகர்கள் அதை வாங்கினார்கள். பெரிய பெட்டி. இரண்டு சக்கரங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு நாடா ஓடும். தூக்கினால் தோள் வலிக்கும்.

1,200 அடி நாடாவை, விநாடிக்கு மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் ஓட விட்டால், 64 நிமிடம் வரும். இன்னும் தெளிவாக வேண்டும் என்று வேகத்தை இரட்டிப்பாக்கினால், 32 நிமிடம்தான். ஆலாபனை உச்சியில் இருக்கும்போது நாடா தீர்ந்து போகும். ரசிகர் வியர்க்க வியர்க்க அடுத்த சக்கரத்தை மாட்டுவார். அந்த இடைவெளியில் பாடியது போனது போனதுதான்.

இப்படிக் கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்ததால்தான், நமக்கு மதுரை மணி அய்யரின் கச்சேரிகள் கிடைத்தன. அவர் 1968-ம் ஆண்டில் காலமானார். அவருடைய பாட்டில் இசைத்தட்டாக வந்தது கொஞ்சம். கச்சேரிகளில் ரசிகர்கள் பிடித்து, ஒருவருக்கு ஒருவர் பிரதி எடுத்துக் கொடுத்ததுதான் அதிகம். அவர் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகளும் இன்று அவருடைய முழுக் கச்சேரியைக் கேட்கிறார்கள்.

காருகுறிச்சியின் நாதஸ்வரம்

கீழக்கடையத்தில் ரயில் ஏறுங்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டினால் காருகுறிச்சி. அந்த ஊரில் 1921-ம் ஆண்டில் பிறந்தவர் காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-ம் ஆண்டில் வெளிவந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டது இவருடைய நாதஸ்வரம்தான். படம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

1964-ம் ஆண்டில் அவர் காலமானார். வயது 43 கூட நிரம்பவில்லை.

சினிமாப் பாட்டு சில நிமிடம். கோவில் திருவிழாவில் அவர் வாசித்தது மணிக்கணக்கில். ராத்திரி முழுவதும் ஜனங்கள் அசையாமல் நின்று கேட்பார்கள். வானொலியும் இசைத்தட்டும் போக, ரசிகர்கள் ஆசையோடு பிடித்து வைத்த கச்சேரிகள் சிலவும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. அவற்றில் வாசிப்பு மட்டும் அல்ல, கூட்டத்தின் சத்தமும் தவிலின் அதிர்வும் கேட்கிறது. திருவிழாவே காதுக்குள் வந்துவிடுகிறது.

இளம் நாதஸ்வரக்காரர்களுக்கு அது பாடசாலை.

வில்லும் குடமும்

பெரிய வித்துவான்களையாவது யாரோ பிடித்து வைத்தார்கள். கிராமத்துக் கலைஞர்களின் கதி என்ன?

கடையம் வட்டாரத்தில், கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டு வேண்டும். வில், குடம், உடுக்கை, ஜால்ரா. சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை என்று ராத்திரி முழுவதும் நடக்கும். கணியான் கூத்தும் மகுடமும் இந்தச் சீமைக்கே உரியவை.

முத்துப்பட்டன் கதை நடந்ததாகச் சொல்லும் இடம் வெகு தூரம் இல்லை. பாபநாசத்து மலை மேல், சொரிமுத்து அய்யனார் கோவில் பக்கம். சாதியை உதறிவிட்டு, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணந்து, மாடுகளைக் காக்கப் போராடி உயிர் விட்டவன் கதை. கேட்கும் பெண்கள் கண்ணீர் விடுவார்கள்.

பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அச்சில் கொண்டு வந்தார். மிகப் பெரிய தொண்டு அது. ஆனால், புத்தகத்தில் வார்த்தை இருக்கும், குரல் இருக்காது. எந்த இடத்தில் பாடகர் குரலைத் தாழ்த்தினார்? எந்த இடத்தில் வீசுகோல் வில்லில் ஓங்கி விழுந்தது? எந்த இடத்தில் "ஆமா" போட்டவர் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்? இதை எழுத்தில் பிடிக்க முடியாது.

வில்லுப்பாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு நாள் பாடியது போல மறுநாள் இருக்காது. ஊருக்குத் தக்கபடி, கூட்டத்துக்குத் தக்கபடி பாடகர் மாற்றுவார். ஆகையால், ஒரு ராத்திரி பாடியது அந்த ராத்திரியோடு முடிந்தது. பாடகர் கண்ணை மூடினால், அவருக்குத் தெரிந்த கதை அத்தனையும் அவரோடு போகிறது.

இதைப் பிடிக்கக் கம்பெனி வராது. அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் பிடிக்க வேண்டும். ஆகையால், பிடிப்பது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். பிடிக்காமல் இருப்பதுதான் தவறு.

கலைஞரின் கஷ்டம்

ஆனால், மேடையில் இருப்பவர் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும்.

கிராமத்துக் கலைஞருக்கு வருஷம் முழுவதும் வேலை கிடையாது. கொடை நடக்கும் சில மாதங்களில் கிடைக்கும் கூலிதான் வீட்டு அரிசி. "போன வருஷம் பாடியது செல்போனில் இருக்கிறதே, இந்த வருஷம் ஏன் இவ்வளவு பணம்?" என்று ஊர்க்காரர் கேட்டால், அவர் என்ன செய்வார்?

அவர் பாடியதை யாரோ ஒருவர் பிடிக்கிறார். யூடியூப்பில் போடுகிறார். ஆயிரக்கணக்கானவர் பார்க்கிறார்கள். விளம்பரம் வருகிறது. பிடித்தவருக்குக் காசு வருகிறது. பாடியவருக்கு என்ன வருகிறது? பல நேரம் அவர் பெயர் கூட அதில் இருப்பது இல்லை!

இன்னொரு கொடுமையும் உண்டு. 3 மணி நேரம் நன்றாகப் பாடியவருக்கு, ஓர் இடத்தில் தொண்டை கட்டும். அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஊர் ஊராக அனுப்பிச் சிரிக்கிறார்கள். கரகாட்டம் ஆடும் பெண்ணின் தலையில் கரகம் நிற்பதை விட்டுவிட்டு, வேறு எதையோ படம் பிடிக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் படம் நாளைக்கு அந்தப் பிள்ளைகள் கையிலும் வரும். இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இசைத்தட்டே வேண்டாம் என்று சொன்ன மேதைகளும் உண்டு. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை பெரிய சங்கீத வித்துவான். லயத்தில் புலி. இசைத்தட்டுக்குப் பாட அவர் சம்மதிக்கவில்லை. 1934-ம் ஆண்டில் காலமானார். அவருடைய குரலும் நமக்கு இல்லை. நமக்கு நஷ்டம்தான். ஆனாலும் பாட்டு அவருடையது. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அவருடையது.

சக்கர நாற்காலியில் வந்தவர்

ஆசை அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது.

1970-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மைக் மில்லார்டு என்ற இளைஞர் இருந்தார். பெரிய பாட்டுக் குழுக்களின் கச்சேரிகளுக்குப் போவார். டேப் ரிக்கார்டரை உள்ளே விடமாட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? நன்றாக நடக்கக் கூடியவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்தார்! நாற்காலிக்கு அடியில் கருவியை ஒளித்து வைத்தார். அப்படி அவர் பிடித்தவை இன்றும் புகழ் பெற்றவை. அவற்றை அவர் விற்கவில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள்.

பாட்டின் மேல் அவருக்கு இருந்த ஆசையைப் பாராட்டலாம். வேஷத்தைப் பாராட்ட முடியுமா? நிஜமாகவே நடக்க முடியாத ஒருவர் அடுத்த நாள் வந்தால், வாசலில் அவரையும் அல்லவா சந்தேகப்படுவார்கள்!

இதே அமெரிக்காவில் இன்னொரு குழு நல்ல வழி ஒன்றைக் காட்டியது. "கிரேட்புல் டெட்" என்பது அந்தக் குழுவின் பெயர். ரசிகர்கள் கூட்டத்துக்கு நடுவே கம்பு நட்டு, மைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். குழுவினர் அடித்து விரட்டவில்லை. 1984-ம் ஆண்டில் அவர்களுக்கு என்றே தனி இடம் ஒதுக்கினார்கள். "பிடித்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு ஒருவர் கொடுத்துக்கொள்ளுங்கள், விற்கக் கூடாது" என்றார்கள்.

குழுவுக்கு நஷ்டம் வந்ததா? இல்லை. கைக்குக் கை மாறிய டேப்புகளைக் கேட்டுப் புது ரசிகர்கள் கச்சேரிக்கு வந்தார்கள். ஒளித்துப் பிடித்தால் சண்டை. கேட்டுப் பிடித்தால் உறவு!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டில் வந்தது. முதலில் அதில் புத்தகம் எழுதியவர், பாட்டு எழுதியவர், படம் எடுத்தவர் போன்றவர்களுக்குத்தான் உரிமை. மேடையில் பாடியவருக்கும் ஆடியவருக்கும் தனி உரிமை இல்லை.

1994-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். மேடைக் கலைஞருக்கும் உரிமை வந்தது. பாடகர், வாத்தியம் வாசிப்பவர், நடிகர், நாட்டியம் ஆடுபவர் மட்டும் அல்ல. கழைக்கூத்தாடி, வித்தை காட்டுபவர், பாம்பாட்டி, சொற்பொழிவு ஆற்றுபவர் இவர்களையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்தது! 1999-ம் ஆண்டுத் திருத்தம், இந்த உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு என்றது. கலைஞரின் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் பெயர் கெடும்படி வெட்டி ஒட்டக் கூடாது என்பதை 2012-ம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

அப்படியானால் செல்போனில் பிடிப்பதே குற்றமா? இல்லை. நாமே கேட்டு மகிழ்வதற்காகப் பிடித்தால், அது கலைஞரின் உரிமையை மீறியது ஆகாது. உண்மையாகவே பாடம் சொல்லிக் கொடுப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் பிடித்தாலும் அப்படித்தான். இதுவும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால், அதை ஊருக்கு எல்லாம் பரப்புவதற்கும், விற்பதற்கும் கலைஞரின் சம்மதம் வேண்டும். இது தவிர, "இங்கே ரிக்கார்டு செய்யக் கூடாது" என்று சபாக்காரர் எழுதிப் போட்டு இருந்தால், அதற்கும் கட்டுப்பட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், உன் காதுக்குப் பிடிக்கலாம். ஊர்க் காதுக்கு என்றால் கேட்டுவிட்டுச் செய்!

எப்படிப் பிடிப்பது?

கேட்டு அனுமதி வாங்கியாகிவிட்டது. இனி நன்றாகப் பிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு வேண்டாம்.

கூம்பு ஒலிபெருக்கியின் கீழே உட்காராதீர்கள். அங்கே பிடித்தால் கரகர என்று இருக்கும். மேடைக்கு முன்னால், சற்று ஓரமாக இடம் பிடியுங்கள். தவிலுக்கு மிக நெருக்கமாகப் போனால், தவில் மட்டும்தான் கேட்கும், நாதஸ்வரம் அமுங்கிவிடும்.

செல்போனைக் கையில் பிடிக்காதீர்கள். கை ஆடும், கை வலிக்கும், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். ஒரு மூங்கில் கம்பை மண் நிரப்பிய டப்பாவில் நட்டு, செல்போனைப் படுக்கை வாட்டத்தில் ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். இதுவே நல்ல தாங்கி. தனி மைக் இருந்தால், அதையும் அந்தக் கம்பிலேயே கட்டலாம்.

தென்காசிப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் காற்றுக்குக் கேட்க வேண்டியது இல்லை. குற்றாலத்துச் சாரல் காற்று மைக்கில் மோதினால், "புஸ் புஸ்" என்று இரையும். மைக்கின் மேல் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள். இரைச்சல் குறையும்.

செல்போனுக்கு அழைப்பு வராதபடி விமானப் பயண நிலைக்கு மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால், கதாநாயகன் உயிர் விடும் நேரத்தில் மாமா வீட்டில் இருந்து போன் வரும்! வெளிச்ச விளக்கைப் போடாதீர்கள். கலைஞரின் கண் கூசும்.

பாட்டைத் தொடங்கும்போது பிடித்து, நடுவில் நிறுத்தாதீர்கள். சுருதி சேர்ப்பது, கதைக்கு நடுவே பேசுவது, கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் வேடிக்கை எல்லாம் கலைதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பிடிக்கத் தொடங்கும்போது உங்கள் வாயால் சொல்லுங்கள்: இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன கோவில், பாடுகிறவர் பெயர் இன்னது, குடம் அடிப்பவர் பெயர் இன்னது, உடுக்கை அடிப்பவர் பெயர் இன்னது. 50 ஆண்டுக்குப் பிறகு கேட்பவருக்கு இது தெரிய வேண்டும். பெயர் இல்லாத பதிவு, விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

பிறகு ஒரு பிரதி எடுத்துக் கலைஞருக்குக் கொடுங்கள். தன் பாட்டைத் தானே கேட்க அவருக்கும் ஆசை இருக்காதா? அவருடைய பேரப் பிள்ளைகள் நாளைக்கு அதைக் கேட்க வேண்டாமா? இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். செல்போன் ஒரு நாள் தண்ணீரில் விழும். அதில் மட்டும் இருந்தால் எல்லாம் போய்விடும்.

பெட்டியில் தூங்கும் டேப்

பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் டேப்புகள் கிடக்கின்றன. 1963-ம் ஆண்டில் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டு வந்தது. 1980-களில் அது நம் கிராமம் வரை வந்துவிட்டது. தாத்தா ஆசையாகப் பிடித்த கொடை வில்லுப்பாட்டு, மைக் செட்காரர் பிடித்த நாடகம், கல்யாணத்து நாதஸ்வரம் எல்லாம் அவற்றில் இருக்கும்.

அவற்றைக் குப்பையில் போடாதீர்கள்! அவசரப்பட்டு ஓட விடவும் செய்யாதீர்கள். சாரல் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கலாம். ஓட விட்டால் அறுந்து போகும். பழைய சக்கர டேப்பில் புளித்த காடி வாசனை வந்தால், அது கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, உடனே கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துவிட வேண்டும். அது வரை ஈரம் இல்லாத, வெயில் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். காந்தம் உள்ள ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அரசாங்கமும் பள்ளிக்கூடங்களும் இதில் கை கொடுக்க வேண்டும். 1982-ம் ஆண்டில் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் ஒன்று டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் இருக்கிறது. நாடு முழுவதும் பிடித்த இசைப் பதிவுகளை அங்கே சேர்க்கிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நூல்களோடு இசைத்தட்டுகளையும் காக்கிறது. தென்காசி 2019-ம் ஆண்டில் தனி மாவட்டம் ஆனது. மாவட்டத்துக்கு என்று ஒரு குரல் காப்பகம் வேண்டாமா? மாவட்ட நூலகத்தில் ஓர் அலமாரியும், ஒரு கம்ப்யூட்டரும், பொறுப்பான ஓர் ஆளும் போதும். கொண்டு வரும் டேப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். கலைஞரிடமோ, அவர் பிள்ளைகளிடமோ சம்மதம் எழுதி வாங்கி வைக்கலாம்.

கோவில் கொடை நடத்தும் ஊர்க்காரர்களும் ஒன்று செய்யலாம். கலைஞருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும்போதே, "ரிக்கார்டு செய்யலாமா, வேண்டாமா? செய்தால் அதற்குத் தனியாக என்ன கொடுப்பது?" என்று பேசி முடித்துவிடலாம். ஊரில் ஒரே ஒரு பிள்ளை ஒழுங்காகப் பிடித்தால் போதும். 50 கைகள் தூக்கி நிற்க வேண்டியது இல்லை. மற்றவர்கள் நிம்மதியாகப் பாட்டைக் கேட்கலாம்.

செல்லம்மாள் 1951-ம் ஆண்டில் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு அச்சில் இருக்கிறது. படிக்கிறவர் நெஞ்சம் உருகுகிறது. பாரதியார் எப்படிப் பாடினார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இன்று நம் ஊரில் பாடிக்கொண்டிருக்கும் கலைஞருக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

அடுத்த கொடைக்குச் செல்போனோடு போங்கள். மேளம் தொடங்கும் முன்பு, மேடைக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போய் நில்லுங்கள். "அய்யா, நீங்கள் பாடுவதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறேன்" என்று கேளுங்கள்.

முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டு "பிடித்துக்கொள், தம்பி" என்பார்கள். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், செல்போனைப் பையில் போட்டுவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.